மிஸ்ஸிங் எப்போது வருகிறது?

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. வண்டி சீராக ஓடாமல் குலுங்குகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்று ஒரு குறியீடு வருகிறது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது காற்று-எரிபொருள் கலவை எரியாமல் போவது, என்று பொருள். உடனே அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மாற்றப்படுகிறது. சில நாளில் அதே குறியீடு திரும்பி வருகிறது. இக்னிஷன் காயிலை மாற்றுகிறார்கள், பிறகு இன்ஜெக்டரை, பிறகு ஏதாவதொரு சென்சாரை. பில் ஏறிக்கொண்டே போகிறது, மிஸ்ஸிங் மட்டும் போவதில்லை. கடைசியில் ‘இது பிடிபடாத கோளாறு’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்படிப் பிடிவாதம் பிடிக்கும் மிஸ்ஸிங்குகளில் பெரும்பாலானவை தம்மை ஒளித்துக்கொள்பவை அல்ல. சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா, ஐடிலிங்கிலா, ஏற்றத்திலா என்று தாம் வரும் நேரத்தின் மூலம் தம் காரணத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. நாம்தான் எந்தப் பாகம் போயிற்று என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறோம். எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் மாற்றப்படும் ஒவ்வொரு பாகமும் கையிலிருந்த தடயத்தைக் கொஞ்சம் அழித்துவிட்டுப் போகிறது.

குறியீடு உண்மையில் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் கலவை எரிந்ததா என்று நேரடியாகப் பார்க்கும் கண் பெரும்பாலான கார்களில் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைக் கவனிக்கும் ஒரு சென்சார்தான் இருக்கிறது. ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரத்தில், பல வண்டிகளில், 60 பற்களுக்கான இடத்தில் இரண்டை விட்டுவிட்டு 58 பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பல் இல்லாத அந்த இடைவெளியை வைத்துத்தான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் அறிகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி ஆகும், ஒரு பல் கடந்து அடுத்த பல் வர ஒரு மில்லி வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு முறை, அதாவது 10 மில்லி வினாடிக்கு ஒரு முறை, ஏதாவதொரு சிலிண்டரில் கலவை எரிந்து ஷாஃப்டை உந்த வேண்டும். உந்தாவிட்டால் அந்த அரைச் சுற்று கடக்க மிகச் சிறிது நேரம் கூடுதலாகிறது. அந்தத் தாமதத்தை அளந்து, அப்போது யாருடைய முறை என்று பார்த்து, அந்தச் சிலிண்டரின் எண்ணைக் கம்ப்யூட்டர் எழுதிவைக்கிறது. ஆக, பி0303 சொல்வது இவ்வளவுதான்: மூன்றாவது சிலிண்டரின் முறையில் ஷாஃப்ட் தளர்ந்தது. அதில் பிளக்கைப் பற்றியோ காயிலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எரிதலில் குறையே இல்லாமல்கூட இந்தக் குறியீடு வரலாம். கரடுமுரடான சாலையின் அதிர்வு சக்கரங்கள் வழியாக ஷாஃப்ட் வரை போகும் என்பதால்தான், பல கார்களில் சக்கர வேக சென்சார்களைப் பார்த்து அந்த நேரத்தில் மட்டும் கணக்கெடுப்பை நிறுத்திவைக்கிறார்கள். பல்சக்கரத்தின் நுண்ணிய குறைகளைக் கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும். சென்சாரையோ சக்கரத்தையோ மாற்றியபின் அந்தப் பழக்கத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலும் இல்லாத மிஸ்ஸிங் பதிவாகும்.

பெட்ரோல் இன்ஜினில் கலவை எரிய மூன்று வேண்டும். காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும், அதை அழுத்திப் பிடிக்கும் சிலிண்டர் கசியக் கூடாது, உரிய கணத்தில் போதிய வலுவோடு பொறி விழ வேண்டும். 1876-இல் நிக்கோலஸ் ஓட்டோ நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டிக்காட்டிய நாளிலிருந்து இந்தப் பட்டியலில் நான்காவதாக எதுவும் சேரவில்லை. மிஸ்ஸிங்குக்கு நூறு காரணம் இருக்கலாம், ஆனால் நூறும் இந்த மூன்றில் ஒன்றைக் கெடுத்துத்தான் வேலை செய்ய முடியும். இதைவிடப் பயனுள்ள உண்மை ஒன்று இருக்கிறது. இந்த மூன்றுக்கும் வேலை கடினமாகும் நேரம் ஒன்றல்ல. பொறிக்குச் சோதனையான கணம் ஒன்று, கசியாமல் பிடித்துவைப்பதற்குச் சோதனையான கணம் வேறு. பலவீனமான பாகம் தன் வேலை கடினமாகும்போதுதான் தோற்கும். அதனால் தோற்கும் நேரத்தை வைத்துப் பாகத்தை நெருங்க முடியும்.

பொறியை எடுத்துக்கொள்வோம். பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. வெளிக்காற்றில் அதைத் தாண்ட மூன்று நான்கு கிலோவோல்ட் போதும். ஒரு வாயுவைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாயத் தேவைப்படும் மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்று 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெடரிக் பாஷன் காட்டினார். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே வரும் காற்றே குறைவு என்பதால் பிஸ்டன் அதை எவ்வளவு நெருக்கினாலும் பொறிக்குப் பெரிய தடை எழுவதில்லை. அதே வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மூன்றாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்து ஏறும்போது சிலிண்டர் முழுக்க நிரம்புகிறது. பொறி விழ வேண்டிய கணத்தில் முனைகளுக்கு நடுவே இருக்கும் வாயு பல மடங்கு அடர்ந்திருக்கிறது. அப்போது இருபது கிலோவோல்ட் வரைகூடத் தேவைப்படலாம். முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் கூடுதல். காயிலால் அதைத் தர முடியாவிட்டாலோ, தந்த மின்சாரம் வாயுவைத் தாண்டுவதைவிடச் சுலபமான வேறு பாதையைக் கண்டுகொண்டாலோ கலவை எரியாமல் சைலன்சருக்குப் போய்விடும். நிற்கும்போது அமைதியாகவும் ஏற்றத்தில் மிஸ்ஸிங்கோடும் ஓடும் வண்டியில் முதல் சந்தேகம் இக்னிஷன் மேல் விழுவதற்குக் காரணம் இந்த இயற்பியல்தான்.

பட்டறைகளில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவரும் ஒரு சோதனையின் குறையும் இங்கேதான் தெரிகிறது. பிளக்கைக் கழற்றி, காயிலோடு சேர்த்து, இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறார்கள். நீலப் பொறி பளிச்சென்று விழுந்தால் பிளக்கும் காயிலும் நலம் என்று முடிவாகிறது. அந்தச் சோதனை நிரூபிப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தில் பொறி விழுகிறது என்பதை மட்டும்தான். வண்டி தோற்பது அந்த அழுத்தத்தில் இல்லையே. முனைகளுக்கு நடுவே பல மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, வெளியில் இருந்தே காயிலிடம் அதிக மின்னழுத்தத்தைக் கேட்கும் சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் தேறினால் மட்டுமே காயிலை நம்பலாம். இனி அந்தச் ‘சுலபமான வேறு பாதை’. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடம்பில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடிட்டதுபோல ஒரு மெல்லிய கறுப்பு வரி தெரிந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே இன்ஜின் உடம்புக்குப் பாய்ந்திருக்கிறது. அந்த வரி கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒருமுறை விழுந்த வரி அடுத்தடுத்த பாய்ச்சலுக்கு வழி திறந்துவைக்கிறது. பிளக்கின் மேல் கவிந்திருக்கும் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே வரி பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிப் பழைய உறையை அப்படியே மாட்டினால், உறையில் உள்ள வரி புதுப் பீங்கானையும் கொஞ்ச நாளில் கெடுத்துவிடும். ‘புது பிளக் போட்டும் திரும்ப வந்துவிட்டது’ என்ற புகார் பலவற்றின் பின்னால் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வால்வு கவரின் சீல் கசிந்து பிளக் குழியில் எண்ணெய் தேங்கி ரப்பரை ஊறவைத்திருந்தாலும், மழையிலோ வாட்டர் வாஷிலோ குழிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இதே கதைதான் நடக்கும். குழியைத் துடைக்காமல், சீலை மாற்றாமல், பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

கசிவின் நேரக்கணக்கு பொறியின் நேரக்கணக்குக்கு எதிரானது. கசிவதற்கு நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலிங்கில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 37 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகிறது, 4000 சுற்றில் ஏழரை மில்லி வினாடிதான். சரியாக மூடாத வால்வு ஒன்று ஐடிலிங்கில் அழுத்தத்தைக் கணிசமாக இழந்துவிடும், வேகத்தில் இழப்பதற்குள் கலவை எரிந்து முடிந்துவிடும். ஐடிலிங்கில் குலுங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் சீராகும் வண்டியை இக்னிஷன் பக்கம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. சிஎன்ஜியில் ஓடும் கார்களில் இது தனிக் கவனம் கேட்கும் விஷயம். உலர்ந்த வாயுவில் நெடுநாள் ஓடும் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் வளையம் பெட்ரோலில் தேய்வதைவிட விரைவாகத் தேய்கிறது. வளையம் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலேறுகிறது, டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு முழுதாக மூட விட்டுவைக்கும் இடைவெளி) குறைகிறது. ஹைட்ராலிக் டேப்பட் இல்லாத இன்ஜினில் அந்தக் கிளியரன்ஸ் தானாகச் சரியாவதில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் கிளியரன்ஸ் மிஞ்சியிருக்கும், வண்டி அழகாக ஓடும். அரை மணி நேரம் நெரிசலில் நின்று நின்று போனபின் வால்வின் தண்டு சூட்டில் நீள்கிறது, மிஞ்சியிருந்ததும் போய் வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது, சிக்னலில் மிஸ் அடிக்க ஆரம்பிக்கிறது. இந்த வண்டியை இரவு பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் காலை கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தால் நான்கு சிலிண்டரும் ஒரே அளவு காட்டும். சோதனை பொய் சொல்லவில்லை. கோளாறு இல்லாத நேரத்தில் கேள்வி கேட்கப்பட்டது, அவ்வளவுதான். இன்ஜின் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாகச் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திக் காது கொடுத்தும் கேட்கலாம். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட்டில் நுண்ணிய விரிசல் இருந்தால் மிஸ்ஸிங் வரும் நேரமே தலைகீழாகிவிடும். இரவெல்லாம் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் முதல் ஒரு நிமிடம் வெண்புகையோடு மிஸ் அடித்து, பிறகு நாள் முழுக்க வண்டி நலமாக ஓடும்.

இரட்டை எரிபொருள் வண்டியில் ஒரு அரிய வசதி உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மிஸ் அடித்துக்கொண்டிருக்கும்போதே சிஎன்ஜியிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டு எரிபொருளுக்கும் இன்ஜெக்டர்கள் வெவ்வேறு. இரண்டிலும் அதே சிலிண்டர் மிஸ் அடித்தால் இன்ஜெக்டர்களை ஒரே வீச்சில் விடுவித்துவிடலாம். சிஎன்ஜியில் மட்டும் வந்தால் வாயு இன்ஜெக்டரோ, பலவீனமான இக்னிஷனோ காரணமாக இருக்கலாம், ஏனென்றால் மீத்தேனைப் பற்றவைக்கப் பொறி கூடுதலாகப் பாடுபட வேண்டும். செலவே இல்லாமல், ஒரு பொத்தானை அழுத்திச் செய்யும் இந்தச் சோதனை பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

கலவைக் கோளாறுக்கும் தனி நேரம் இருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து, எரிபொருளை இத்தனை சதவீதம் கூட்டு, இத்தனை குறை என்று கம்ப்யூட்டர் தொடர்ந்து திருத்துகிறது. அந்தத் திருத்தத்தை ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் என்ற பெயரில் படிக்கலாம். உள்ளே வரும் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், அந்த சென்சாருக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிறது, டிரிம் ஏறுகிறது. வேகம் கூடினால் அது சிறு பங்காகிவிடும், டிரிம் இறங்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இதற்கு எதிர்: ஐடிலிங்கில் இயல்பு, எரிபொருள் அதிகம் கேட்கும் வேகத்தில் டிரிம் ஏற்றம். மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டிகளில் முதல் விதி அப்படியே பொருந்தாது. அங்கே திருட்டுக் காற்றும் அழுத்தக் கணக்கில் வந்துவிடுவதால் டிரிம் அதிகம் அசையாமல் ஐடிலிங் வேகம் உயரலாம். இந்தியாவில் எத்தனாலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 வாக்கில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இங்கே வழக்கமாகிவிட்டது. எத்தனாலுக்கு ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும் என்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதற்கென்று அமைக்கப்படாத பழைய வண்டியில், எல்லா வேகத்திலும் ஒரேபோல டிரிம் சில சதவீதம் ஏறி நின்றால் அது எரிபொருளின் இயல்பாக இருக்கலாம். அதைப் பார்த்துக் குழாய் குழாயாகக் கசிவு தேடுவது வீண்.

கலவையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளே இதில் வழி தவறுகிறார்கள். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் எரியாத பெட்ரோல் மட்டும் வெளியே போவதில்லை, அதோடு சேர வேண்டிய ஆக்ஸிஜனும் அப்படியே போகிறது. ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் பெரிதாகத் தெரியாது, ஆக்ஸிஜன்தான் தெரியும். இன்ஜின் காற்று மிகுதியில் ஓடுகிறது என்று அது சொல்கிறது. கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டுகிறது, டிரிம் ஏறுகிறது. ஸ்கேனரைப் பார்ப்பவருக்கு எரிபொருள் போதாமல் மிஸ் அடிப்பதுபோலத் தோன்றும், பம்பையும் இன்ஜெக்டரையும் தேடிப் போவார். உண்மையில் காயிலோ வால்வோ தோற்று, அதன் விளைவாகத்தான் டிரிம் ஏறியிருக்கும். எது முதலில் வந்தது என்று இங்கேயும் நேரமே பிரித்துக்காட்டும். மிஸ்ஸிங் தொடங்குவதற்கு முன்பே டிரிம் ஏறியிருந்ததா, தொடங்கிய பிறகு ஏறியதா? இதற்காகவே அளவுகளைப் பதிவு செய்துகொண்டு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் எடுத்த ஒற்றை எண் எதையும் தீர்மானிக்காது.

இவ்வளவு யோசிக்க வேண்டுமா, பெரும்பாலும் பிளக்தானே போகிறது, விலையும் குறைவு, முதலில் மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிளக் தன் ஆயுளை ஓடி முடித்திருந்தால் மாற்ற வேண்டியதே. ஆனால் கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசை மாறாமல் அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்து, ஒன்று மட்டும் எண்ணெய் படிந்து, ஒன்று மட்டும் வெளுத்து இருந்தால் அது வேறெந்தச் சோதனையும் தராத செய்தி. குப்பைக்கூடையில் போட்டபின் அந்தச் செய்தி கிடைக்காது. மேலும், ‘பெரும்பாலும் பிளக்தான்’ என்ற கணக்கு முதன்முறை மிஸ் அடிக்கும் வண்டிகளைப் பற்றியது. நல்ல பிளக் போட்டும் திரும்பி வந்த மிஸ்ஸிங் அந்தக் கூட்டத்திலிருந்து விலகிவிட்டது. அதற்குப் பழைய விகிதத்தைப் பொருத்தி மறுபடியும் இக்னிஷனிலேயே பணம் போடுவது கணக்கைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனை போதாதா என்பது அடுத்த கேள்வி. மூன்றாவது சிலிண்டரின் காயிலை ஒன்றாவதில் மாட்டினால் மிஸ்ஸிங்கும் ஒன்றாவதற்குப் போகிறதா என்று பார்ப்பது உண்மையிலேயே அருமையான முறை. ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுவது எந்த அறிவியல் சோதனைக்கும் அடிப்படை. ஆனால் காயிலைக் கழற்றி மாட்டும்போது அதன் கனெக்டரும் பிடுங்கிச் செருகப்படுகிறது, உறையும் அசைகிறது, குழியில் இருந்த ஈரமும் உலர்கிறது. கோளாறு பாசி பிடித்த கனெக்டர் முள்ளில் இருந்தால், செருகியதில் தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்து, மிஸ்ஸிங் எங்குமே போகாமல் மறைந்துவிடும். ஒரு மாறியை மாற்றுவதாக நினைத்து மூன்றை மாற்றியிருக்கிறோம். அதனால் முதலில் கனெக்டரை மட்டும் பிடுங்கி, அதே இடத்தில் செருகி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் இருந்தால்தான் காயிலை இடம் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் இன்ஜெக்டரையும் ஒரே நாளில் இடம் மாற்றிவிட்டு மிஸ்ஸிங் நகர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை, மூன்றில் எதோடு நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் காலம் இது என்பவர்களும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் நிறையச் சொல்கிறது என்பது சரி. அது சொல்வதில் மிக மதிப்புள்ளதை நாம்தான் அழித்துவிடுகிறோம். குறியீடு பதிவாகும் கணத்தில் இன்ஜின் வேகம், பளு, கூலன்ட்டின் வெப்பம், வண்டியின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒரு பதிவு எழுதப்படுகிறது. மிஸ்ஸிங் எப்போது வந்தது என்ற கேள்விக்கு வண்டியே எழுதிவைத்த பதில் அது. ஸ்கேனரில் குறியீட்டை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து அழிகிறது. ‘கோடு கிளியர் பண்ணிட்டேன், மறுபடி வந்தா பாக்கலாம்’ என்று சொல்லும் பட்டறை, கையில் இருந்த ஒரே சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு அது தானாகத் திரும்பி வரக் காத்திருக்கிறது. பல வண்டிகளில், குறியீடு வராத அளவுக்குக் குறைவான மிஸ்ஸிங்கும் சிலிண்டர்வாரியாக எண்ணப்பட்டு, கடந்த பத்து ஓட்டங்களின் சராசரியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். வண்டியின் சுயபரிசோதனைக்கான ஓபிடி தரத்தின் ஆறாவது பிரிவில் அதைத் திறந்து பார்க்கலாம். மூன்றாவது சிலிண்டர் மட்டும் தொடர்ந்து எண்ணிக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறதா, இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறுகின்றனவா, நான்கும் ஏறுகின்றனவா என்பது காரணத்தைப் பாதிக்கு மேல் சுருக்கிவிடும். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் வண்டிகளில் ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும் ஜோடிகள். ஜோடியாக ஏறினால் காயில். நான்கும் ஏறினால் தனித்தனிப் பாகங்களை விட்டு, பொதுவான எரிபொருள் அழுத்தத்தையும் காற்றையும் பார்க்க வேண்டும்.

வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. பாகத்துக்கு வாடிக்கையாளர் பணம் தருவார், யோசித்த நேரத்துக்குத் தரமாட்டார் என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். இது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாற வேண்டியது வாடிக்கையாளரின் எண்ணமும்தான். மூன்று தேவையில்லாத பாகங்களின் விலையில் ஒரு மணி நேரக் கண்டறிதலுக்குக் கூலி கொடுத்துவிடலாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம், கோளாறு முற்றினால் தானே தெரியும் என்ற யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்கவே கூடாது. எரியாமல் போன பெட்ரோலும் ஆக்ஸிஜனும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேன்கூடு தாங்கும் அளவை வெப்பம் தாண்டினால் உருகிக் கட்டியாகிவிடும். உருகிய கட்டி எக்ஸாஸ்டை அடைக்கும், அடைத்த எக்ஸாஸ்டால் இன்ஜின் மூச்சுவிட முடியாமல் இன்னும் மோசமாக ஓடும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மினுக்கினால் கன்வர்ட்டர் இப்போதே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி வண்டியை ஓரம் கட்டுவதுதான் சரி. கன்வர்ட்டர் ஒன்றின் விலையில் எத்தனையோ மணி நேரக் கூலியைக் கொடுத்துவிடலாம்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டி, குறியீடு வரவில்லை என்று சாவியைக் கொடுத்துவிடுவது வழக்கம். 1996 மாடல் முதல் அமெரிக்காவின் எல்லா கார்களிலும் ஓபிடி-2 கட்டாயமானபோது, அதற்கு வழிகாட்டிய கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் இதில் மிகக் கறாராக யோசித்திருக்கிறது. அந்த விதிப்படி, மிஸ்ஸிங்குக்காக எரிந்த விளக்கைக் கம்ப்யூட்டர் தானாக அணைக்க மூன்று ஓட்டங்கள் அடுத்தடுத்துக் குறையில்லாமல் போனால் மட்டும் போதாது. அந்த ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்ஜின், மிஸ்ஸிங் பதிவான அதே சூழ்நிலைக்குள் போய்வந்திருக்க வேண்டும்: வேகம் 375 சுற்று வித்தியாசத்துக்குள், பளு 20 சதவீத வித்தியாசத்துக்குள், சூடா குளிரா என்ற நிலையும் அதேபோல. சமவெளியில் ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடியது, ஏற்றத்தில் வந்த மிஸ்ஸிங்குக்குப் பதில் ஆகாது என்பதை அந்த விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. பட்டறையும் அதையே செய்யலாம். ஃப்ரீஸ் ஃபிரேமில் 2100 சுற்று, எண்பது சதவீதப் பளு, கூலன்ட் 92 டிகிரி என்று இருந்தால், பழுது பார்த்தபின் வண்டியைச் சூடாக்கி, மேம்பாலத்திலோ மலைப்பாதையிலோ அதே பளுவை ஏற்றி, மூன்றாவது சிலிண்டரின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். எண்ணிக்கை ஏறினால் புதிதாக இன்னொரு பாகத்தை வாங்குவதற்கு முன், மாற்றிய பாகத்தைக் கழற்றிப் பழையதையே மாட்டி, அதே பாதையில் அதே பளுவில் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணிக்கைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் பழைய பாகத்தில் குறை இருக்கவில்லை. அதை வண்டியிலேயே விட்டுவிட்டு, புதியதைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.